அறுபத்தொரு புளியங்கொட்டை

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவனை நம்பி எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. நான் வாங்கியவன், அதனால் சொல்கிறேன். எதைப் பார்த்தாலும் கூட்டிக் கழித்து வகுத்து ஒரு விடை கொண்டுவந்துவிடுவோம். விடை தப்பாக இருந்தாலும் அடியில் இரண்டு கோடு போட்டுவிடுவோம். அந்தக் கோடுகளைப் பார்த்து நாமே ஏமாந்துபோவோம்.

எழுபதுகளின் கடைசியில், கும்பகோணத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலை கிடைத்து வந்தேன். பெரிய அலுவலகம், முந்நூறு பேர். வலியசாலை என்ற தமிழ் அக்கிரகாரத்தில் ஒரு மாடி அறை. மலையாளம் மூன்றே மாதத்தில் வந்துவிட்டது என்று ஊருக்குக் கடிதம் போட்டிருந்தேன். (வந்தது பாதிதான். மீதிப் பாதியைத் தமிழிலிருந்து நானே ஊகித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.)

எங்கள் பிரிவின் சூப்பிரண்டு பாஸ்கரன் நாயர். தமிழும் மலையாளமும் கலந்து அழகாகப் பேசுவார். எங்கள் டைப்பிஸ்ட் விசாலம், வலியசாலைப் பெண்தான். விசாலத்தைப் பற்றி எனக்கு அப்போது ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டாகியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

ஓணத்துக்கு முன்னால் அலுவலகத்தில் கிரிக்கெட் போட்டி நடக்கும். நான்கு அணிகள். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே அணியில் போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள் என்று தகராறு வந்ததால், அலுவலக மனமகிழ் மன்றச் செயலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் வீட்டில் சீட்டு நடத்துகிறவர், ஏலம் அவருக்குக் கைவந்த கலை. ஆட வருகிறவர்கள் எல்லாரையும் ஏலம் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஒவ்வொரு தலைவனுக்கும் நூறு புளியங்கொட்டை. அதற்குள் தன்னையும் சேர்த்துப் பதினோரு பேரைத் தேற்ற வேண்டும். கடைசியாக வரும் அணிக்கு முன்பிருந்தே ஒரு தண்டனையும் உண்டு. ஓண விருந்தில் அலுவலகம் முழுவதுக்கும் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, எல்லாரும் எழுந்த பிறகு மிச்சத்தைச் சாப்பிட வேண்டும்.

எங்கள் அணி மூன்று வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருந்தது. "சாமிநாதன் கணக்குப் படிச்ச ஆளல்லே, இந்தக் கொல்லம் அவன் எடுக்கட்டும்" என்று பாஸ்கரன் நாயர் அந்த வருஷத்துத் தலைவர் பதவியை என் தலையில் கட்டினார். எனக்கும் ஆசைதான். ஜெயித்தால் விசாலம் பார்ப்பாள். தோற்றால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நிற்பதையும் அவள்தான் பார்ப்பாள்.

பழைய ஸ்கோர் புத்தகங்களை வாங்கி வந்து உட்கார்ந்தேன். எனக்குக் கிரிக்கெட் மட்டை பிடிக்கத் தெரியாது. அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒருவருடைய சராசரி ஓட்டம், அவர் பிடித்த கேட்ச், ஒழுக்கத்துக்குப் பத்து மார்க். மூன்றையும் கூட்டினால் அவர் எத்தனை புளியங்கொட்டை பெறுவார் என்று தெரிந்துவிடும். ஒழுக்கத்தை மட்டும் புத்தகத்தில் பார்க்க முடியாது, விசாரிக்க வேண்டும்.

எல்லாரும் எட்டு, பதினொன்று, பதினான்கு என்று வந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு பெயரில் பேனா நின்றது. கணபதி. மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அவுட் ஆகியிருக்கிறார். மற்ற எல்லா ஆட்டத்திலும் 'நாட் அவுட்'. எடுத்தது நாற்பத்தெட்டு ஓட்டம், அத்தனையும் பவுண்டரி. நாற்பத்தெட்டை ஒன்றால் வகுத்தால் சராசரி நாற்பத்தெட்டு. மூன்று கேட்ச் வேறு. இப்படி ஒரு மாணிக்கத்தை இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லையே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆளை நான் பார்த்திருக்கிறேன். பென்ஷன் பிரிவில் ஜன்னலோரம், நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருப்பார். எப்போது போனாலும் உட்கார்ந்துதான் இருப்பார். பாஸ்கரன் நாயரிடம் விசாரித்தேன்.

"கணபதியோ? நல்ல களிக்காரனா. பக்ஷே பயங்கர மடியா, கேட்டோ."

நல்ல ஆட்டக்காரர், மடி வேறு. எனக்குப் புல்லரித்தது. கும்பகோணத்தில் எங்கள் அம்மா மடி. அவள் மடியாகச் சமைக்கிற நேரத்தில் நாங்கள் யாராவது மேலே பட்டுவிட்டால் மறுபடியும் போய்க் குளிப்பாள். கொம்பு வைத்து எட்டாத உயரத்தில் மடிப்புடவை உலர்த்துவாள். இவரும் அக்கிரகாரத்து மனிதர், விபூதி வேறு. காலையில் எழுந்து ஸ்நானம், ஜபம், வெளியில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காத வைராக்கியம். இப்படிப்பட்டவர் ஒரு கேட்சை விடுவாரா? ஒழுக்கத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். நாயர் 'பக்ஷே', அதாவது 'ஆனால்', என்று இழுத்ததையும் நான் விட்டுவிடவில்லை. ஆட்ட நாள் ஏகாதசியாக இருந்தால் வரமாட்டார் என்கிறார் போலிருக்கிறது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நல்லவேளை, மூன்று ஆட்டமும் ஏகாதசியில் வரவில்லை.

மொத்தம் அறுபத்தொன்று. அடியில் இரண்டு கோடு போட்டேன்.

பட்டியலை ரகசியமாக விசாலத்திடம் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள்.

"கணபதிக்கு என்ன போட்டிருக்கேள்? பதினாறா, அறுபத்தொண்ணா?"

"அறுபத்தொண்ணு."

"ஒழுக்கம் பத்துக்குப் பத்தா?"

"நம்பகமான இடத்துல விசாரிச்சுட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு டைப் அடித்தாள். என் கணக்குத் திறமையில் மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஏலத்தன்று செயலாளர் கணபதி பெயரைச் சொன்னதும் கூடத்தில் சத்தமே இல்லை. இது எல்லாரும் சேர்ந்து செய்கிற தந்திரம் என்று எனக்குப் பட்டது. "இருபது" என்றேன். எதிரணித் தலைவர் மத்தாயி என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக "முப்பது" என்றார். "நாற்பது." "ஐம்பது." "ஐம்பத்தஞ்சு." "அறுபது" என்றார் மத்தாயி, பல்லைக் குத்திக்கொண்டே. நான் அறுபத்தொன்று என்றதும் அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். மிச்சமிருந்த முப்பத்தொன்பது கொட்டையில், வேறு யாருக்கும் வேண்டாத ஒன்பது பேர் எனக்குக் கிடைத்தார்கள்.

முதல் ஆட்டத்திலேயே என் கணக்கில் இல்லாத ஒன்று தெரிந்தது. கணபதி அடித்தால் அப்படி ஒரு அழகு. பந்து கோட்டைத் தாண்டினால் நான்கு. தாண்டாவிட்டால் மட்டையில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பார். எதிர்முனையில் இருப்பவன் பாதி தூரம் ஓடிவந்து, இவரைப் பார்த்துத் திரும்பி ஓடி, அவுட் ஆவான். அன்று இப்படி நான்கு பேர் போனார்கள். கணபதி நாட் அவுட்.

இரவு புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் அவரோடு ஆடியவர்கள் பெயருக்கு எதிரே 'ரன் அவுட்', 'ரன் அவுட்' என்று வரிசையாக எழுதியிருந்தது. எனக்கு அவர் பெயர் இருந்த வரியை மட்டும்தான் படிக்கத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் பாஸ்கரன் நாயரிடம் முறையிட்டேன்.

"ஞான் அன்னே பறஞ்ஞில்லே, மடியான்னு?" என்றார் அவர். "ஒரு வேலைக்கும் எழுந்திரிக்க மாட்டான். ஆபீஸ்ல ஃபேன் போடணும்னாகூட வேற ஆள் வரணும். எல்லாம் தெரிஞ்சுதானே நீ எடுத்தது?"

மலையாளத்தில் மடி என்றால் சோம்பல்.

அதை வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்துதான் எடுத்தேன் என்று தலையாட்டினேன். நாயர் ஏனோ என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆட்டமும் போயிற்று. மூன்றாவது மத்தாயி அணியோடு. அதில் ஜெயித்தால் பரிமாறுவதிலிருந்து தப்பலாம். கடைசிப் பந்து, இரண்டு ஓட்டம் வேண்டும், கடைசி ஜோடி. அடிப்பவர் கணபதி. எதிர்முனையில் நான். விசாலம் குடைக்கடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணபதி அடித்தார். பந்து பறந்துபோய்த் தரையில் விழுந்து கோட்டைப் பார்த்து உருண்டது. நான் உயிரைக் கொடுத்து ஓடினேன். அவர் முனைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஓடுங்கோ சார்."

"எதுக்கு? பந்துதான் போயிண்டிருக்கே."

"புல்லுல நின்னுடுத்து சார்."

அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "ஆமாம், நின்னுடுத்து" என்று எனக்காக வருத்தப்பட்டார். "நீர் வேணா திரும்பிப் போய்ப் பாருமேன்."

போனேன். பாதி வழியில், எனக்கு எதிரே மூன்று குச்சியும் பறந்தன. கணபதி நாட் அவுட்.

ஓண விருந்தன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நின்றேன். எங்கள் அணியில் பத்துப் பேர் பரிமாறினோம். பதினோராவது ஆளான கணபதி முதல் பந்தியில் உட்கார்ந்து இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாஸ்கரன் நாயர் பந்தி முழுக்கக் கேட்கும்படி, "சாமிநாதா, அளியனு கொறச்சு சாம்பார்" என்றார். பந்தியே குலுங்கியது.

அளியன் என்றால் மச்சினன், கொறச்சு என்றால் கொஞ்சம் என்பது எனக்குத் தெரியும். அங்கே சிநேகிதர்களும் ஒருவரையொருவர் அளியா என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் இதற்கு ஏன் இத்தனை சிரிப்பு என்று புரியாமல் ஊற்றிக்கொண்டே போனேன். வரிசைக் கடைசியில் விசாலம் இருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எங்கண்ணாவை ஏன் எடுத்தேள்?"

"எந்த அண்ணா?"

"கணபதி அண்ணா. ஆபீஸ் முழுக்க என்ன பேசறான்னு உங்களுக்குத் தெரியாதா? சோம்பேறின்னு நாயர் சார் சொன்ன பிறகும் அறுபத்தொண்ணு போட்டிருக்கேள். அது எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியுமாம்."

அவர்கள் சொன்ன காரணம் பொய். ஆனால் விஷயம் உண்மை. மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் தைரியம் இல்லை. இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் "உனக்காகத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லி, ஆயுள் முழுக்கப் பெயர் வாங்கியிருப்பான். நான் நூற்றுக்கு நூறு வாங்கியவன். உண்மையைச் சொன்னேன்.

"மடின்னு நாயர் சொன்னார். நான் ஸ்நானம், ஜபம், அந்த மடின்னு நெனச்சுட்டேன்."

விசாலம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறியது, கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், அவள் அடுத்தவளிடம் சொன்னாள். பாயசம் வருவதற்குள் முந்நூறு பேருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று சாயங்காலம் கணபதி ஆள் அனுப்பி என்னைத் தன் மேஜைக்கு வரச்சொன்னார். அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன். (அடிக்க எழுந்திருக்க வேண்டுமே என்ற ஒரு தைரியம்.)

"உட்காரும். ஆத்துல விசாலத்துக்கு மாப்பிள்ளை தேடச் சொல்லி என்னை ஒரு வருஷமாப் பிடுங்கறா. ஜாதகத்தைத் தூக்கிண்டு ஆலப்புழை, பாலக்காடுன்னு யாரு அலையறது? நீர் இங்கேயே இருக்கீர். நல்ல பையனா வேற இருக்கீர். அவளைக் கேட்டேன். சிரிச்சா. ஒமக்குச் சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

"அப்போ நீரே எங்கப்பாகிட்டப் போய்ச் சொல்லிடும். எனக்கு வெயில் ஆகாது."

நாற்பத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் படுத்திருக்கும்போது யாராவது போன் செய்தால் விசாலம், "அவர் மடியா இருக்கார், அப்புறம் பேசச் சொல்றேன்" என்பாள். தமிழ் உறவினர்கள் பக்தியோடு வைத்துவிடுவார்கள். மலையாள சிநேகிதர்கள் சிரிப்பார்கள்.

கணபதி அண்ணாவும் இப்போது எங்கள் தெருவில்தான் இருக்கிறார். தினம் மாலை அவருக்கு ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுபோவது என் வேலை. அந்த இரண்டு ஓட்டத்தை இன்னும் நான்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பேத்தி, "தாத்தா உன்னை லவ் பண்ணித்தான் கல்யாணம் பண்ணிண்டாரா பாட்டி?" என்று கேட்டாள்.

"எங்கண்ணாவுக்கு அறுபத்தொண்ணு போட்டார்" என்றாள் விசாலம். "எனக்கு ஒரு புளியங்கொட்டைகூடப் போடலை. நான் அவர் கணக்குலயே இல்லை."