லைனை விட்டு வந்த பிறகு

தெல்தோட்டை

அன்புள்ள மச்சான் மோகனராஜுக்கு,

அழகர் எழுதிக்கொள்வது. கம்பளைக் கடையில் உங்கள் வியாபாரம் ஏறவும், உடம்பில் சர்க்கரை இறங்கவும் முருகனை வேண்டுகிறேன். போனில் பேசியிருப்பேன். ஆனால் இது உங்கள் அக்கா வடிவம்மா காதில் விழக்கூடாத சங்கதி.

கோவில் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். கண்டி மாநகர சபையில் லிகிதராக பைல் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று இன்னும் நம்புகிறார்கள். நானும் 'லைன்' என்ற சின்னச் சொல்லை எடுத்துக்கொண்டேன். அகராதியைப் புரட்டினால் அதன் பூர்வீகம் ஆளிச் செடியின் நாராம். அந்த நார் நூலாகி, கோடாகி, கடுகண்ணாவை மலையேறும் ரயில் பாதையாகி, டெலிபோன் கம்பியாகி, காஸ் சிலிண்டரோடு நாம் வெயிலில் நின்ற வரிசையாகி, கடைசியில் தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரைக்கடியில் வரிசை அறைகளாகக் கட்டிய, நம் ஆட்கள் பிறந்து வளர்ந்த லயமும் ஆகியிருக்கிறது. இங்கிலீஷில் நாலே எழுத்து, அதற்குள் இத்தனை குடித்தனம்! மண்சரிவு அபாயம் என்று லயத்தைக் காலி செய்து தனி வீடு கொடுத்துவிட்டார்களே, அதனால் 'நாங்கள் லைனை விட்டு வெளியேறிவிட்டோம்' என்று பெருமையாக முடித்தேன். அங்கேதான் வினை வந்தது.

லயத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தேத்தண்ணி ஊற்றினால் நடுச்சுவரைத் தட்டுவோம். பக்கத்துக் காமராவிலிருந்து திருப்பித் தட்டினால் வருகிறார்கள் என்று அர்த்தம். அக்காவும் பக்கத்துக் காமரா பாலம்மாவும் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அப்படித்தான். பாலம்மா மாசியில் செத்துப்போனாள், பாடை தூக்க நீங்களும் வந்தீர்கள். புது வீட்டிலும் அக்கா பழக்கதோஷத்தில் குசினிச் சுவரைத் தட்டினாள். அந்தப் பக்கம் வீடே கிடையாது, வெட்டிய மண்மேடுதான். திருப்பித் தட்டியது.

எலி என்றேன். அவள் தட்டி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருக்கிற எலி எங்கே இருக்கிறது? தண்ணீர்க் குழாய் என்றேன். மேசன் ரஸீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்தச் சுவத்துல குழாயே இல்லீங்களே" என்று ஒரு தரம் தட்டிப் பார்த்தவர், கொண்டுவந்த கொத்துக்கரண்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பனிமூட்டம், ஈரமண், ஒரு காலடி இல்லை. சுவரோரம் வெற்றிலை எச்சில் மட்டும், அப்போதுதான் துப்பியது மாதிரி சிவப்பாக. எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை, பாலம்மாதான் ஓயாமல் போடுவாள்.

இப்போது அக்கா இரண்டு கோப்பை ஊற்றுகிறாள். ஒன்றைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பேசுகிறாள். என்னோடு பேச்சே குறைந்துவிட்டது. நேற்று, "அவ தனியா கெடக்காளாம்ங்க. என்னைய அங்குட்டு வரச் சொல்றா" என்றாள்.

"எங்குட்டு?"

"பக்கத்துக் காமராவுக்குத்தான். வேற எங்குட்டு?"

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. அவளும் போய்விட்டால் நான் யாரோடு இருப்பேன்? ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துவந்து எங்களைக் கம்பளைக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஹலீம் நானாவின் சாப்பாட்டுக் கடை. தட்டினால் கொத்து ரொட்டிதான் பதில் சொல்லும்.

தர்ஷிகாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. எல்லோரும் நோய்நொடியின்றி, நாலு மனிதர் நடுவில் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அழகர்

பி.கு.: வேன் வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அக்காவிடம் மெல்லச் சொன்னேன். அழுவாள், மறுப்பாள் என்று பார்த்தால் உடனே துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். "தம்பி வூட்டுக்குத்தானே, போவோம். பாலம்மாகிட்ட சொல்லிட்டேன், அவளும் வாராளாம். வேன்ல மூணு பேருக்கு எடம் இருக்குமான்னு கேட்டு எழுதுங்க" என்கிறாள். ஆகையால் நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம். இங்கே நடுவில் ஒரு சுவராவது இருக்கிறது.