மெர்வ் துடைத்த ஜெனரேட்டர்

மெர்வ் கடைசியாகத் துடைத்தது ஜெனரேட்டரைத்தான்.

நவம்பர் பிறந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் புயல் காலம். மெர்வ் ஒரு பழைய பனியனை எடுத்துக்கொண்டு கொல்லைக் கொட்டகைக்குப் போவார். அன்றும் போனார். துடைத்தார். பனியனை ஜெனரேட்டரின் கைப்பிடியில் காயப்போட்டார். சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, "டல்ஸ், டீ கிடைக்குமா?" என்றார். மனைவி டல்சி கெட்டிலைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது நாற்காலியில் மெர்வ் இருந்தார். உயிர் இல்லை.

பிப்ரவரியில் புயல் வந்தது.

புயல் போன மறுநாள் காலை, ஊர் முழுக்கக் கரண்ட் போயிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய டல்சி கொட்டகையில் நின்று ஜெனரேட்டரின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது "க்ர்ர்" என்றது. மறுபடி இழுத்தார். "க்ர்" என்றது.

மற்றதெல்லாம் ஒழுங்காகவே நடந்திருந்தது. குளியல் தொட்டி நிறையத் தண்ணீர். டார்ச்சுக்குப் புது பேட்டரி. கையால் சுற்றினால் பாடும் ரேடியோ. டப்பா இறைச்சி, பிஸ்கட், மருந்து. வீட்டுப் பத்திரங்கள் பிளாஸ்டிக் பெட்டிக்குள். கூரை போகவில்லை, மாமரத்தின் ஒரு கிளைதான் முறிந்து கோழிக்கூண்டின் மேல் சாய்ந்திருந்தது. கோழிகளே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெனரேட்டர் மட்டும்தான் பாக்கி. அதில்தான் எல்லாமே இருந்தது.

மெர்வை அடக்கம் செய்த அன்றே மகள் ஜெனீன் தான் வசிக்கும் டவுன்ஸ்வில் நகரத்தில் ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்து வைத்திருந்தாள்.

"அம்மா, உன்னால தனியா முடியாது."

"முடியும்."

"சரி, வர்ற ஒரே ஒரு புயலைச் சமாளிச்சுக் காட்டு. யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாது. அப்பா என்னைக்காவது யார்கிட்டயாவது போய் நின்னிருக்காரா?"

"இல்ல."

"முடியலன்னா என்னோட வந்துடணும்."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா நான் வாயைத் திறக்கல."

அவள் வாயைத் திறக்காமல் இருப்பதைப் பார்க்கவே டல்சிக்கு ஆசையாக இருந்தது.

மெர்வ் இருந்தவரை எல்லாம் எவ்வளவு எளிதாக நடந்தது! காற்று ஓய்ந்ததும் அவர் கொட்டகைக்குள் போவார். "உள்ள வராதே டல்ஸ், புகை ஆளையே கொன்னுடும்" என்பார். கெட்ட வார்த்தை நாலு கேட்கும். பிறகு கடகடவென்று சத்தம் வரும். ஆரஞ்சு நிற வயரின் முனையைச் சமையலறை ஜன்னல் வழியாக நீட்டுவார். ஃப்ரீசர் ஓடும், விளக்கு எரியும். ஊர் இருட்டில் கிடக்கும்போது அவர்கள் வீட்டில் ஐஸ்கிரீம் இருக்கும்.

டல்சி கெட்ட வார்த்தையையும் சொல்லிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான். "க்ர்" என்றது.

கடைசியாகக் காலை ஊன்றி ஓங்கி இழுத்ததில் கயிறு கையோடு வந்துவிட்டது.

"டல்சி!" வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுப் பினாவின் தலை தெரிந்தது. "எங்களோடது ஓடுது. சில்வானோவை அனுப்பட்டுமா?"

"வேண்டாம்."

"ஃப்ரீசர்ல மீன் இருக்குமே, கெட்டுப்போயிடும்."

"என் மீன், என் ஃப்ரீசர். நீ உன் தக்காளியைப் பாரு."

"பிடிவாதக்காரி!"

"நன்றி."

பினாவின் தலை மறைந்தது. டல்சி கீழே பார்த்தார். வேலிக்கு அடியிலிருந்து ஓர் ஆரஞ்சு வயரின் முனை புல்லில் எட்டிப் பார்த்தது. மழை படாமல் ரொட்டிப் பையால் சுற்றிக் கட்டியிருந்தது.

பின்வாசல் வழியாகப் பிச்சை போடுகிறார்களா! டல்சி அதைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார்.

மதியத்துக்குள் ஃப்ரீசரிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. உள்ளே இருந்தது மெர்வ் கடைசியாகப் பிடித்த பாராமுண்டி மீன். பெரியதைப் பினாவின் கணவர் சில்வானோவுக்குக் கொடுத்ததுபோக மிச்சம். புயல் போனதும் பெரிய மீன் எப்போதும் சில்வானோவுக்குத்தான். "ஏன் எப்பவும் அவனுக்கே பெருசு?" என்று டல்சி சண்டை போட்டதுண்டு. "பக்கத்து வீட்டுக்காரன் டல்ஸ், விடு" என்பார் மெர்வ்.

மெர்வின் மீனை அழுகிப்போக விடுவதாக இல்லை. டல்சி கேஸ் பார்பிக்யூவைப் பற்றவைத்து எல்லாத் துண்டுகளையும் பரப்பினார். பாதி வெந்தபோது சிலிண்டர் தீர்ந்தது.

அதனாலென்ன, விறகு இருக்கிறதே. முறிந்த மாங்கிளையை ரம்பத்தால் அறுத்து, செங்கல் அடுக்கி, கம்பி வலையை வைத்தார். ஈரக் கிளை பிடிக்கவில்லை. காய்ந்த இடம் கொட்டகை ஒன்றுதான். அங்கிருந்த பழைய செய்தித்தாள் கட்டைக் கொண்டுவந்து திணித்தார். பிடித்தது. மாவிலையும் மீன் கொழுப்பும் சேர்ந்து ஒரு புகையைக் கிளப்பின. வெள்ளையாக, கோபுரமாக, கரும்புத் தோட்டங்களுக்கு அப்பாலும் தெரியும்படி.

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது.

ஜெனீனோடு பள்ளியில் படித்த டாரில் வண்டியிலிருந்து குழாயோடு குதித்தான். "ஆன்ட்டி! வீடு எங்க எரியுது?"

"வீடு எரியல. மத்தியானச் சாப்பாடு. தட்டு எடுத்துக்கோ."

டாரில் புகையைப் பார்த்தான், கயிறில்லாத ஜெனரேட்டரைப் பார்த்தான், கரி பூசிய டல்சியின் முகத்தைப் பார்த்தான். மூன்று துண்டு மீன் சாப்பிட்டான். பிறகு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, போனில் மெல்லிய குரலில் பேசினான். "ஜெனீன், நீ வந்து பார்க்கறது நல்லது."

"துரோகி," என்றார் டல்சி. "அந்த எலும்பையும் திருப்பிக் குடு."

சாயங்காலம் வேலிக்கடியில் ஆரஞ்சு வயர் மறுபடி வந்திருந்தது. டல்சி மறுபடி எறிந்தார்.

மறுநாள் நெடுஞ்சாலையில் வெள்ளம் வடிந்ததும் ஜெனீன் வந்து சேர்ந்தாள். கொல்லையில் ஒரு படுக்கை விரிப்பு. அதன் மேல் ஜெனரேட்டர் துண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் டல்சி, ஸ்குரூடிரைவரோடு.

"கிளம்பும்மா."

"நான் யார்கிட்டயும் போய் நிக்கல."

"தீயணைப்பு வண்டி வந்திருக்கு!"

"நானா கூப்பிட்டேன்? தானா வந்தாங்க. அவங்களுக்கும் சேர்த்துச் சோறு போட்டது நான்."

"கரண்ட் எங்க?"

"வரும். இன்னும் ஒரு திருகாணிதான்."

"அம்மா." ஜெனீன் குரலைத் தணித்தாள். அவள் கத்தினால் டல்சியால் சமாளிக்க முடியும்; இது வேறு. "அப்பா இருந்தப்போ இந்த வீட்ல ஒரு புயலுக்காவது விளக்கு அணைஞ்சிருக்கா? அவர் ஒரு ஆள் கையை எதிர்பார்க்காம வாழ்ந்தார். நீ அப்பா இல்லம்மா. அது உன் தப்பும் இல்ல."

டல்சி விரிப்பின் ஓரத்தில் மடித்து வைத்திருந்த பனியனை எடுத்து, அக்கக்காகக் கிடந்த ஜெனரேட்டரின் ஒரு துண்டைத் துடைத்தார். பிறகு இன்னொன்றை.

"துணி எடுத்து வைக்கறேன்," என்று ஜெனீன் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல் கேட்டது. பினா, "சொல்லித் தொலைங்க, அவளைக் கூட்டிட்டுப் போயிடப் போறாங்க!" என்று யாரையோ விரட்டினாள். ஆரஞ்சு வயர் மூன்றாம் முறையாகப் புல்லுக்குள்ளிருந்து ஊர்ந்து வந்தது. அதன் பின்னாலேயே, வேலிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, முட்டிவலியோடு சில்வானோ எழுந்து நின்றார். நாள் முழுக்க நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"ஜெனீன், உங்கப்பாவுக்கு நான் பண்ணின சத்தியத்தை இப்போ உடைக்கறேன். அந்த ஜெனரேட்டர் வாங்கின நாள்லேர்ந்து ஒரு தடவைகூட ஓடினதில்லம்மா. ஒவ்வொரு புயலுக்கும் உங்கப்பா இந்த வேலிக்கிட்ட வந்து நிப்பார், நான் எங்களோடதை ஓட விட்டு இந்த ஓட்டை வழியா வயரை விடுவேன்; ஓட்டை இன்னும் அப்படியேதான் இருக்கு."