கடைசித் துண்டு

பொண்டாட்டி சொல்வது ஒரு வார்த்தைகூடக் காதில் விழாமலேயே நல்ல புருஷன் என்று பேர் வாங்குவது என்று திருவொற்றியூர் தீனா முடிவெடுத்தான்.

மொபைல் ஆப் எழுதுவது அவன் தொழில். மளிகைக் கடைக்கு அவன் எழுதிய ஆப்பில் 'அரிசி, பருப்பு, புளி' என்று ஒரே மூச்சில் அடித்தாலும், கமா வரும் இடத்தில் வெட்டித் தனித்தனிச் சாமானாக அடுக்கிவிடும்.

அவன் பொண்டாட்டி பவானிக்குக் கமாவோடு பழக்கமில்லை. 'கேஸ் புக் பண்ணு அப்புறம் மாவு வாங்கு அப்புறம்...' என்று வாட்ஸப்பில் கூட்ஸ் வண்டி விடுவாள். தீனா அதே கத்தியை இங்கேயும் வைத்தான். 'அப்புறம்' வந்ததும் ஆப் வெட்டும். வெட்டிய துண்டுக்குத் தானே 'சரி' போடும். அவன் வாட்ஸப் பக்கமே போவதில்லை. ராஜ வாழ்க்கை!

ஒரு சாயங்காலம் வீடு பூட்டிக்கிடந்தது. ஆப்பைத் திறந்தான்.

'கொருக்குப்பேட்ட அம்மா வூட்டுக்குப் போறேன்.' 'சரி.'

'இனிமே அங்கதான்.' 'சரி.'

போனால் போகட்டும், தானே வருவாள் என்று மீசையை முறுக்கினான். வரவில்லை. திட்டி ஒரு மெசேஜாவது வரக்கூடாதா? அதுவும் இல்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால்கூட 'யோவ் தீனாஆஆ' என்றே கேட்டது. எட்டிப் பார்த்தால் லாரிதான். அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, பொழுது போகாமல் தன் புரோகிராமையே நோண்டினான்.

அடக் கடவுளே!

'அப்புறம்' வந்தால்தான் வெட்டு. கடைசித் துண்டுக்குப் பின்னால் ஏது 'அப்புறம்'? ஒவ்வொரு மெசேஜிலும் அவள் கடைசியாகச் சொன்னதை எல்லாம் ஆப் முழுங்கியிருந்தது. ஒவ்வொன்றாகத் தோண்டினான்.

'மழ வருது, நனையாத.'

'நேரத்துக்கு சாப்புடுய்யா.'

'சீக்கிரம் வா, உன்கிட்ட பேசணும் போல கீது.'

போன அன்றைக்கு அனுப்பியது: 'நீயும் வந்துடு. நீ இல்லாம சோறு எறங்காது.'

ஸ்கூட்டர் பறந்தது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்டி பெட்டியாக நிலக்கரி வண்டி போக, தீனாவின் உயிரும் கூடவே போனது.

பவானி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா இந்தப் பக்கம்?"

"ஒரு மீட்டிங்கு..."

"லுங்கியிலயா?"

"கடசி துண்ட இப்பதான் படிச்சேன், பவானி."

"உன் மிஷினு அத முழுங்கும்னு எனக்கு எப்பவோ தெரியும். 'நீ ஒரு லூசு'ன்னு முன்னால போட்டேன், 'சரி'ன்னு வந்துச்சு. கடசில போட்டேன், மூச்சு பேச்சு இல்ல."

"தெரிஞ்சும் ஆசையா சொல்றத எல்லாம் ஏன் அங்க வெச்ச?"

"உக்காந்து படிக்கிற மனுசனுக்குன்னு வெச்சதுய்யா. அதுக்கெல்லாம் மிஷினு 'சரி' போட்டா எனக்கு இன்னா இருக்கும்?"

தீனா ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினான். "தப்புதான்மே. வா, நம்ம வூட்டுக்குப் போலாம்."

"எந்த வூடு? அத காலி பண்றோம்னு ஓனரம்மாகிட்ட சொல்லியாச்சே. நாளைக்கு புதுசா ஆள் குடி வருது."

"யார கேட்டு?"

"உன்னத்தான். நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே ஒருநாள் காலி பண்ணட்டுமான்னு முதல் துண்டா போட்டேன். ஒடனே 'சரி'ன்னியே!"

அவன் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மாமியார் தலையை நீட்டினாள்.

"வாங்க மாப்ள! கோழிக்கூண்டு பக்கத்துல உங்க லேப்டாப்புக்கு எடம் ஒழிச்சு வெச்சிருக்கேன்."