தட்டாமல் நுழையும் உரிமை

வாடகைக்கு விட்டது அறையை மட்டுமே. அதற்குள் நுழையும் உரிமையை அன்று. இப்படியொரு தீர்மானத்துக்கு வந்திருந்தார் முத்துவீரன்.

பதினெட்டு ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியவர் அவர். பர்மாச் சண்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் தெருவே எழுந்து வீட்டுக்குப் போய்விடும். ஊரில் பகைவர் எவரும் அகப்படாததால், அத்தனை வீரத்துக்கும் மேற்கு அறையில் குடியிருப்பவரே இலக்கானார். நாளுக்கு மூன்று முறை, கையில் பிரம்புடன், கதவைத் தட்டாமல் உள்ளே போவார். கூரை ஓடுகளை எண்ணுவார். தலையணையைப் புரட்டிப் பார்ப்பார். இதுவரை மூவர் காலி செய்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் செருப்பைக்கூட எடுக்கவில்லை.

நான்காமவர் சுப்புராஜ், ராஜபாளையத்துக்காரர், செண்பகத்தோப்பில் காட்டிலாகா குமாஸ்தா. அவர் போய்விடக் கூடாது என்று முத்துவீரனின் மனைவி வெள்ளத்தாய் தவித்தாள். அது நியாயமான தவிப்பு. கொழும்பில் வாழும் மகளின் கடிதத்தைப் படித்துச் சொல்லவும், பதில் எழுதவும், அந்த வீட்டில் எழுத்தறிந்தவர் அவர் ஒருவரே.

சனிக்கிழமை. உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் பூசி, கோவணத்துடன் சுப்புராஜ் உட்கார்ந்திருந்தபோது கதவு படாரென்று திறந்தது.

“எந்திரிலே! சலாம் போடு!”

சலாமிட உயர்ந்த கை நெற்றியில் வழுக்கிப் பிடரிக்குப் போயிற்று.

“ராமா ராமா! அண்ணாச்சி, செத்த நேரம் வெளிய நில்லுங்களேன்!”

“எதிரி வாரப்பவும் இப்படித்தான் சொல்லுவியோ?”

“எண்ணெய் தேச்சவனைத் தேடி எந்த எதிரி வருதான்? இன்னைக்கே மூட்டை கட்டுதேன்!”

வெள்ளத்தாய் ஓடிவந்தாள். “இந்தா பாருங்க, அவிய போயிட்டா மக கடுதாசிய நீங்களா படிப்பிய?”

“ஏட்டி, வீடுன்னா சட்டம் வேணும்.”

“அப்ப அதைத் தாள்ல எழுதிருங்க. எழுத்துல இருந்தா தம்பியும் ஒத்துக்கிடுவாக.”

மனைவி சொன்னதில் தமக்குப் பிடித்தது ஒன்று இருப்பதைக் கண்டு முத்துவீரன் வியந்தார். வியப்போடு நிறுத்தி, சற்று யோசித்தும் இருக்கலாம். யோசிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, எண்ணெய்க் கையால் சுப்புராஜே எழுதினார்.

“ஒண்ணு: வீட்டுக்கு உரியவர் எந்த அறைக்குள்ளும் தட்டாமல் நுழையலாம். ரெண்டு: யாருடைய பெட்டியையும் திறந்து பார்க்கலாம். மூணு: மற்றவர் எவரும் உத்தரவு கேட்டே நுழைய வேண்டும்.”

முத்துவீரன் தம் கட்டைவிரல் ரேகையை மூன்று இடத்தில் பதித்தார், ஓரிடமே போதுமென்றாலும்.

வெள்ளத்தாய் தாளை வாங்கி மடியில் செருகினாள். “ஒரு சந்தேகம். இந்த வீடு ஆரு பேருல இருக்கு?”

“உங்கப்பா உனக்குச் சீதனமாக் குடுத்தது. ஊருக்கே தெரியுமே.”

“அப்ப உரியவ நானு. நான் நுழையலாம், நீங்க கேக்காம நுழையப்பிடாது. என்ன தம்பி?”

“எழுத்துப்படி சரிதான், அக்கா.”

அவள் அத்துடன் விடவில்லை. நேரே கணவரின் அறைக்குள் போய், அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தாள்.

“ஏட்டி! அது ராணுவ ரகசியம்!”

“ரெண்டாம் சட்டம்!” என்றபடி, அரக்கு முத்திரையிட்ட தாளொன்றை எடுத்துச் சுப்புராஜிடம் நீட்டினாள். “இது என்ன எழுத்து?”

தெருவில் இங்கிலீஷ் படித்தவர் எவருமில்லை என்று நிம்மதியாக இருந்த முத்துவீரன், தாம் குடிவைத்தவரைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தார்.

சுப்புராஜ் நிதானமாக மொழிபெயர்த்தார். “பட்டாளத்துத் துரை குடுத்த நற்சான்று. ‘முத்துவீரன் பதினெட்டு வருஷம் தலைமைச் சமையற்காரர். இவர் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பில் ஒருநாளும் உப்புக் கூடியதில்லை. துப்பாக்கியைக் கண்டால் நடுங்குவார். கரண்டியைப் பிடித்தால் சிங்கம்.’”

வெள்ளத்தாய் இடுப்பில் கைவைத்துக் கணவர் பக்கம் திரும்பினாள்.

“கல்யாணமாகி இருவது வருசம். அம்புட்டு நாளும் அடுப்படில வெந்தவ நானு!”

அன்று மாலை மேற்கு அறையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கையில் கரண்டியுடன் வந்த முத்துவீரன் இருமினார். தொண்டையைச் செருமினார். பிறகு விரல் நுனியால் மெல்லத் தட்டினார்.

“யாரது?”

“நாந்தான் தம்பி... குழம்புக்குக் காரம் எம்புட்டுப் போடணும்னு உங்க அக்கா கேட்டுட்டு வரச் சொன்னா.”