கமுகம்பாளையில் ஐந்தாவது ஆள்

குளத்தூர்,
1954 செப்டம்பர் 1.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் யோசுவாவுக்கு, அத்தான் வேதமாணிக்கம் எழுதுவது. நானும் உன் அக்கா ரத்னபாயும் தேவ கிருபையால் சுகம். மெட்ராஸில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். ஆனாலும் குற்றமெல்லாம் உன் மேல்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ கப்பலில் வேலை பார்த்தபோது கனடாவிலிருந்து ஒரு படம் அனுப்பினாயே, ஐஸ் தரையில் ஆட்கள் வளைந்த கம்போடு சறுக்கி விளையாடுவது, அதை நம் பொன்னுதாஸ் தலையணைக்கடியில் வைத்திருந்தான். காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போன பிள்ளை, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஒருநாள் சொல்கிறான், "அப்பா, இவனுவ நிக்கியதுதான் தப்பு. இருந்து களிச்சா விழவே வேண்டாம்." சொன்னதோடு விட்டானா? பனையிலிருந்து விழுந்து கால் விளங்காமல் போன தாணு, தன்னைப்போல் நடக்க முடியாத செல்லையன், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டான். என்னிடம் சாவி இருக்கும் கொப்பரைச் சரக்கு போட்டுவைத்திருந்த பழைய கிட்டங்கியில், மீன் லாரிக்காரன் மிச்சம் தரும் ஐஸ் கட்டியைத் தரையில் தேய்த்து வழுக்கலாக்கி, பாக்கு மரத்திலிருந்து விழும் கமுகம்பாளையில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் குட்டைக் கம்பால் உந்தி உந்தி ஒரு சிரட்டையை அடிப்பார்கள். சனிக்கிழமை தோறும் மத்தியானம் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பக்கத்தில் உட்கார ஆளில்லை, அவ்வளவு மீன் நாற்றம்.

ஆனி மாதம் செல்லையன் செத்துப்போனான். ஆட்டம் தொடங்குமுன் கம்பால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவது அவன் வழக்கம். செத்தவன் சாமான்களை அடக்கம் முடிந்ததும் யாருக்காவது கொடுத்துவிடுவோம் அல்லவா, இந்தப் பாவிகள் அவன் பாளையையும் கம்பையும் அவன் இடத்திலேயே வைத்திருந்தார்கள். அதிலிருந்து, கால் மணி நேரத்தில் உருகும் ஐஸ் சாயங்காலம் வரை கிடக்கிறது. பூட்டிவிட்டுத் திரும்பினால் உள்ளே இரண்டு தட்டு கேட்கும். எலி என்று சொல்லிக்கொண்டேன். எந்த எலி சரியாக இரண்டோடு நிறுத்தும்?

இதற்கிடையில் நம் தமிழ்த் தாலுகாக்களை மெட்ராஸோடு சேர்க்கக் கேட்கும் எல்லைப் போராட்டம் பெருத்து, ஐந்து பேர் கூடினால் பிடிப்போம் என்று உத்தரவு. இவர்கள் நாலு பேர்தானே என்று தைரியமாக இருந்தேன். போன சனிக்கிழமை கான்ஸ்டபிள் ஜெயச்சந்திரன் சன்னல் வழியாக எண்ணினான், ஐந்து என்றான். நான் எண்ணினால் நாலு. அவன் மறுபடியும் விரல் விட்டு எண்ணினான், சுவரோரம் உட்கார்ந்திருப்பவன் சிரிக்கிறான் என்றான். அங்கே வெறும் பாளைதான் கிடந்தது. ஓடிப்போய்ச் சபையின் அடக்கப் பதிவேட்டைக் கொண்டுவந்து செல்லையன் பேரைக் காட்டினேன். ஜெயச்சந்திரன் நிதானமாகப் படித்துவிட்டு மலையாளத்தில் சொன்னான்: "சாரே, ஓர்டரில் அஞ்சு பேருன்னு மாத்ரமேயுள்ளூ. ஜீவனோடன்னு எழுதீட்டில்ல."

அடுத்த சனிக்கிழமையும் ஐந்து இருந்தால் எல்லாரையும் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போவானாம். லாக்கப்பில் நம் பிள்ளையை ஒன்றுக்குப் போகக்கூட யார் தூக்குவார்கள்? கிட்டங்கியைப் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளை சாப்பிடவில்லை, என் முகத்தைப் பார்ப்பதுமில்லை. உடனே வந்து அவனை மெட்ராஸுக்குக் கூட்டிப்போ. பயமாக இருக்கிறது யோசுவா.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவி சுகிர்தபாய்க்கு ஆசீர்வாதம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

வேதமாணிக்கம்

பின்குறிப்பு: கடையடைப்பில் தபாலாபீசும் திறக்கவில்லை, கடிதம் மேசையிலேயே கிடந்தது. இன்று ஞாயிறு. நீ வர வேண்டாம். நேற்று மத்தியானம் செல்லையனின் பாளையைத் தூக்கி எறிவதற்காகக் கிட்டங்கியைத் திறந்தேன். வழுக்குமா என்று பார்க்க ஒரே ஒரு தடவை அதில் உட்கார்ந்தேன். யோசிக்குமுன் கை கம்பை எடுத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டது. சத்தம் கேட்டதும், வெளியே திண்ணையில் காத்துக் கிடந்த நாலு பேரும் தவழ்ந்து வந்துவிட்டார்கள். நான் குப்புற விழுந்து சுவரில் மோதினேன், பொன்னுதாஸ் சிரித்தான், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஜெயச்சந்திரன் சன்னலில் நின்று இரண்டு தடவை எண்ணினான். நாலு பேர்தான், சரி என்று போய்விட்டான். என்னோடு ஐந்து பேர் இருந்தோம். யாரை விட்டு எண்ணினான் என்று அவனிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.