ஆழம்: பூஜ்யம்

எங்கள் துறைமுக அலுவலகத்துக்கு ஆறு டைவ் கம்ப்யூட்டர்கள் வந்து சேர்ந்தன. கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இறங்கி எவ்வளவு நேரமாச்சு, மேலே வரும்போது எங்கே எத்தனை நிமிஷம் நிற்கணும் என்று எல்லாம் சொல்லும். நிற்காமல் சர்ரென்று மேலே வந்தால் மூட்டுக்கு மூட்டு வலி பிடுங்கும், ஆளே முடங்கிப் போகலாம்.

அலுவலகத்தில் தண்ணீருக்குள் இறங்குகிறவர் ஒரே ஒருத்தர்தான். என் அக்கா புருஷன். கப்பல் வெளியே போகும் வழியில் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் இரும்புக் கதவைத் தடவிப் பார்த்துப் பழுது சரிசெய்வது அவர் வேலை. அவரிடம் இருந்த பழைய ஆழ மீட்டர் உடைந்து ஒரு வருஷம் ஆச்சு. மேலே வரும்போது கயிற்றில் கட்டிய முடிச்சைப் பிடித்துக்கொண்டு, பதினாறாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் நாலு தடவை சொல்வார். அது மூணு நிமிஷம் என்பது அவர் கணக்கு.

சரி, கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பணிமூப்பு அடிப்படையில் பங்கீடு நடந்தது. இயக்குநர், துணை இயக்குநர், கணக்கர், கிடங்கு அலுவலர், ஐந்தாவதாகத் தட்டச்சு செய்யும் நான். ஆறாவது, 'எதிர்பாராத தேவைக்காக' பீரோவில். மாமா தற்காலிகப் பணியாளர். மூப்புப் பட்டியலிலேயே அவர் இல்லை.

மாமா கிடங்குக்குப் போய்க் கேட்டார்.

"சார், பீரோவில இருக்கிறதைக் குடுத்தீங்கன்னா..."

"எதுக்கு?"

"கடல்ல இறங்க சார்."

"நனைஞ்சிடுமேய்யா!" கிடங்கு அலுவலர் பதறிப்போனார். அன்றைக்கே ஒரு சுற்றறிக்கை என் கையால் அடிக்கப்பட்டது: 'மேற்படி கருவிகளை ஈரம் படாமல் பாதுகாப்பது ஒவ்வொரு அலுவலரின் தலையாய கடமையாகும்.'

அதற்குள் ஊரில் அது மோஸ்தராகிவிட்டது. பல் டாக்டர் ஒன்று வாங்கிக் கட்டினார், வக்கீல் கட்டினார். குடையில்லாமல் தூறலில் கால் வைக்காதவர்கள் எல்லாம் நூறு மீட்டர் தாங்கும் பட்டையோடு திரிந்தார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் அது எடுப்பாகத்தான் இருந்தது.

அக்கா மட்டும் விடவில்லை. "கழட்டி அவருக்குக் குடுடா. அவரு வாய்ப்பாடு சொல்லிக்கிட்டுக் கெடக்காரு, நீ இதைக் கட்டிக்கிட்டு டீ குடிக்கிற. வெக்கமா இல்ல?"

"என் கையெழுத்துல வாங்கினது அக்கா. நனைஞ்சா என் வேலை போயிடும்."

"அவரு நனைஞ்சா?"

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

மூன்றாம் மாதம் தலைமையகம் அறிக்கை கேட்டது. ஐந்து கருவிகளும் பதிவு செய்த அதிகபட்ச ஆழம் என்ன? நான்கில் பூஜ்யம். இயக்குநர் மட்டும் ஹோட்டல் நீச்சல்குளத்தின் படியில் வழுக்கி விழுந்திருந்தார்: ஒன்று புள்ளி இரண்டு மீட்டர். அதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே இன்னொரு கடிதமும் வந்தது.

'இத்துறைமுகத்தின் அதிகபட்ச ஆழம் 1.2 மீட்டர் எனக் கருவிகள் வாயிலாக ஐயமற நிறுவப்பட்டுள்ளது. எனவே முக்குளிப்பவர் பணியிடம் இதனால் நீக்கப்படுகிறது.'

ஜன்னலுக்கு வெளியே ஐந்து மாடி உயரக் கப்பல் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதற்குக் கடிதத்தின் நகல் அனுப்பப்படவில்லை.

மாமாவுக்குப் பிரிவுபசார விழா நடந்தது. இயக்குநர் கண்கலங்கப் பேசி, ஒரு வெல்வெட் பெட்டியைக் கொடுத்தார். பீரோவிலிருந்த ஆறாவது கம்ப்யூட்டர்! "இனிமே இதுக்குத் தண்ணி பயம் கிடையாது" என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

இரண்டே வாரம். இரும்புக் கதவு மாட்டிக்கொண்டது, அந்தக் கப்பல் வெளியே போக முடியாமல் ஊதிக்கொண்டே நின்றது. மாமாவை ஒருநாள் கூலிக்குக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கிடங்கு அலுவலர் குறுக்கே நின்றார். "பணியில சொந்தக் கருவி கூடாது."

"நீங்க குடுத்ததுதானே சார்?"

"அது நினைவுப் பரிசு. பணிக்கருவிப் பட்டியல்ல இல்ல."

மாமா அதைக் கழற்றி, "வச்சிரு மாப்ள" என்று என் கையில் கட்டிவிட்டு, இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். ஏற்கெனவே ஒன்று கட்டியிருந்தேன். இப்போது இரண்டு கையிலும் இருந்தது. மாமாவோடு வந்திருந்த அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு அசையும் சத்தம் கேட்டது. குமிழிகள் முடிச்சுக் கயிறு இறங்கும் இடத்துக்கு நகர்ந்து, அங்கேயே வந்துகொண்டிருந்தன. வாய்ப்பாடு ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது. அந்த நேரம் பார்த்து இயக்குநர், "கதவு முழுசாத் திறந்துடுச்சான்னு கேளுய்யா!" என்றார். கிடங்கு அலுவலர் மாமாவின் இடுப்புக் கயிற்றை மூன்று தடவை வெடுக் வெடுக்கென்று இழுத்தார்.

குமிழிகள் அங்கேயே வந்தன. வந்துகொண்டே இருந்தன. பிறகு மெலிந்தன. அக்கா என் தோளை நகம் பதியப் பிடித்தாள்.

ஒருவழியாக மாமா தலை தெரிந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "எவன்யா கயித்தை இழுத்தது? பதினாறெட்டுல விட்டுட்டேன். மறுபடி மொதல்லேருந்து... காத்தே தீந்துபோச்சு. எவ்வளவு நேரம் மாப்ள உள்ள இருந்தேன்?"

அனிச்சையாக எல்லோரும் மணிக்கட்டைத் திருப்பினோம். இயக்குநர், துணை இயக்குநர், கணக்கர், கிடங்கு அலுவலர், வேடிக்கை பார்க்க வந்த பல் டாக்டர், இரண்டு கையோடு நான்.

அக்கா வரிசையாக ஒவ்வொரு கையையும் எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பூஜ்யம்.

"நான் கூட வேஸ்ட்டு சாமான்னு நெனச்சேன்" என்றாள், மாமாவுக்குத் துண்டை நீட்டியபடி. "கட்டியிருக்கிற ஆளைப் பார்த்துச் சரியாத்தான் காட்டுது."