தராசு அண்ணையின் தோட்டாக்களும் என் கண்ணும்

லண்டனில் தராசு அண்ணையைவிட நிதானமான மனிதர் கிடையாது. அந்த நிதானத்தில் மாட்டிக்கொண்டு என் அளவுக்குச் சீரழிந்த ஆளும் கிடையாது.

மோர்டனில் நகை ரிப்பேர் செய்பவர். தேநீருக்குச் சீனியைக்கூட நிறுத்துத்தான் போடுவார். சனிக்கிழமைதோறும் சரே பக்கத்துச் சுடுதளத்தில் ரைபிளால் இலக்குத்தாளைச் சுடுவது அவருடைய நெடுநாள் பைத்தியம். கடைத் தோட்டா ஆகாது. சுட்டு முடிந்த வெறும் பித்தளைக் கூட்டைக் கழுவி, வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டைப் பொருத்தித் தானே செய்வார். அப்போது வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, தராசு ஆடிவிடுமாம். பாவம் அவர் மனைவி, சம்பல் அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போவார்.

போன இலையுதிர் காலத்தில் அண்ணைக்குக் கை நடுங்கத் தொடங்கியது. இனிச் சுடக் கூடாது என்றார் டாக்டர். வசந்தத்தில் லைசென்ஸும் முடிகிறது. அதற்குள் தன் தோட்டாக்களில் ஒரு வகையாவது, ஐந்து குண்டும் தாளில் ஒரு பத்து பென்ஸ் காசு அகலத்துக்குள் அடங்குகிற மாதிரிப் போவதைப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தார்.

சுடுவதற்கு ஆள்? கிளப்பில் சேர்ந்து ஆறே வாரமான, ஹரோவில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே அண்ணை!"

"அதுதான் தம்பி நல்லது. உமக்குப் பழைய பழுதான பழக்கம் ஒண்டும் இல்லை."

மருந்தைத் துளித்துளியாகக் கூட்டி, ஐந்தைந்தாகப் பெட்டியில் அடுக்கியிருந்தார். பெட்டிக்கு எண் கிடையாது, அவருடைய உறவுக்காரர் பெயர்தான். மருந்து குறைந்தது சின்னம்மா. நிறைந்தது பெரிய மாமா. நடுவில் மச்சான். சின்னம்மா தாளின் ஐந்து மூலைக்கும் போனாள். தாளுக்கு நாலு மூலைதானே என்கிறீர்களா? நான் சுட்டதைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

"மச்சான் எங்க?"

"தாள்லயே காணோம் அண்ணை."

"அவர் அப்பிடித்தான். என்ர கலியாணத்துக்கும் வரேல்லை."

ஒவ்வொரு முறையும், "பிழை என்ர தோட்டாவில" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நடுங்கும் கையால் மறுபடி நிறுப்பார். எனக்கோ மழை, படுத்துச் சுடும் ஈரப்பாய், ரைபிள் இடித்துக் கன்றிப்போன தோள். "இதுக்கு ஜிம்முக்கே போயிருக்கலாம்ல?" என்றாள் என் மனைவி. அதுகூடப் பரவாயில்லை. தளத்து மேற்பார்வையாளர் ஒருநாள் என் காதோடு சொன்னதுதான் என்னைக் கொன்றது: விசையை இழுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேனாம். எவ்வளவோ முயன்றேன். சனியன் பிடித்த கண், மூடிக்கொண்டேதான் இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை. ஐந்து ஓட்டைகளையும் சாப்பாட்டுத் தட்டை வைத்தால்கூட மறைக்க முடியாது. அண்ணை தாளை மடித்துப் பையில் வைத்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணை, உங்க தோட்டா மேல தப்பே இல்ல. நான்தான் கண்ண மூடிக்கிறேன். மன்னிச்சிருங்க."

"ஓம், தெரியும். முதல் நாளே கண்டனான்."

"அடக்கடவுளே! அப்புறம் ஏன் என்னை வச்சுக்கிட்டு அழுதீங்க? நல்லாச் சுடுற ஆளா பிடிச்சிருக்கலாமே!"

"நல்லாச் சுடுறவை எண்டால் ஒரு சனியோட விசயம் முடிஞ்சிருக்கும் தம்பி. பிறகு நான் என்னத்தைச் சொல்லி இஞ்ச வாறது?"

அடுத்த வாரம் ரைபிளை ஒப்படைத்துவிட்டார். நானும் கிளப்பை விட்டுவிட்டேன். அவர் இல்லாத ஈரப்பாயில் போய்ப் படுக்க எனக்கு மனசு வரவில்லை.